பாட வலைப்பதிவை மாணவர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்காதீர்கள்: வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பீடாதிபதி அவர்களுக்கும், துறைத் தலைவர்களுக்கும், களப்பாடத்துக்குப் பொறுப்பான விரிவுரையாளர்களுக்கும்,

வரும் அரையாண்டிலிருந்து களப்பாடத்தின் 100 புள்ளியில் 20 புள்ளியை வலைப்பதிவுக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள். அதற்கான சுற்றறிக்கை ஒரு பக்கம். ஒவ்வொரு மாணவரும் சொந்தமாக ஒரு வலைப்பதிவு தொடங்க வேண்டும்; முகப்பில் முழுப்பெயரும் பதிவெண்ணும் தெரிய வேண்டும்; வாரம் ஒரு பதிவு, ஒவ்வொன்றிலும் குறைந்தது 3 படம், ஞாயிறு இரவு 11.55க்குள்; மொழி ஆங்கிலம்; சக மாணவர் மூவரின் பதிவுகளுக்குப் பின்னூட்டம். எதில் தொடங்குவது, கணக்குப் பூட்டுப்பட்டால் யார் திறந்து தருவது, பாடம் முடிந்தபின் அந்த எழுத்து எங்கே இருக்கும் என்பவை பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

பாட வலைப்பதிவுகளை இந்தப் பக்கத்தில் அமைத்தும், பழுது பார்த்தும், தொலைந்ததைத் தேடிக் கொடுத்தும் வருகிறவர்கள் நாங்கள். வலைப்பதிவே வேண்டாம் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. இரணைமடுக் குளத்தின் கீழ்ச் சிறுபோகத்துக்குத் தண்ணீர் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று பார்த்துவரும் மாணவர், அதை ஒரே ஒருவர் வாசித்துக் கட்டிவைக்கும் ஒப்படையாக எழுதுவதைவிட ஊரும் வாசிக்கும்படி எழுதுவது எவ்வளவோ மேல். எங்கள் மறுப்பு ஒன்றுதான். வகுப்பறையில் கரும்பலகையை மாட்டித் தருவது துறை. மாணவர் ஆளுக்கொரு பலகை வாங்கிக்கொண்டு வரும்படி யாரும் சொல்வதில்லை. வலைப்பதிவை மட்டும் ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்? கீழே எழுதியிருக்கும் பழுதுகளில் அநேகம் இந்த ஒரு முடிவிலிருந்து வருபவை.

முதலில் நேரத்தை எடுத்துக்கொள்வோம். இதுதான் புள்ளியை நேரடியாகத் தின்கிறது. வலைத்தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸைப் புதிதாக நிறுவிய தளத்தின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் நிற்கும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால். கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் மாணவர் தொடங்கும் பதிவுகளில் அது அமெரிக்க மேற்குக்கரை நேரமாக இருப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறோம். திங்கள் அதிகாலை 2 மணிக்கு இட்ட பதிவு முதலாவதில் ஞாயிறு இரவு 8.30 என்று தேதி காட்டும். இரண்டாவதில் திங்கள் காலை 10 மணிக்கு இட்டதுகூட ஞாயிறு என்றுதான் விழும். விளைவு இரண்டு பக்கமும் பிழை: பிந்தி இட்டவர் நேரத்துக்கு இட்டவராகிறார், புதிய வாரத்துக்கென்று திங்கள் விடிய எழும்பி இட்டவருக்குப் போன வாரத்தில் இரண்டு பதிவும் இந்த வாரத்தில் வெற்றிடமும் வருகின்றன. தேதியைப் பார்த்துப் புள்ளி போடுகிறவருக்கு இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அமைப்புப் பக்கத்தில் நேர வலயத்தைக் கொழும்பு என்று தெரிவுசெய்தால் போதும். ஒரு தளமென்றால் ஒருவர் ஒரு தடவை செய்யும் வேலை. அறுபது தளமென்றால் அறுபது பேருக்கும் இப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்க வேண்டும்.

ஏன் விடியப்புறத்தில் பதிவிடுகிறார்கள் என்று கேட்பீர்கள். பல டேட்டா பொதிகளில் இரவுநேரப் பங்கு நள்ளிரவு 12 மணிக்குத்தான் திறக்கும். நீங்கள் 11.55க்குக் கதவைச் சாத்துகிறீர்கள். விடுதியில் வைஃபை கிடைக்கிறவருக்கு அந்த ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. வார இறுதியில் துணுக்காய்க்கோ ஒட்டுசுட்டானுக்கோ கொக்கிளாய்க்கோ வீடு போகிறவர் பகல் டேட்டாவில் ஏற்ற வேண்டும், அல்லது புள்ளியை விட வேண்டும். கெடுவைத் திங்கள் காலை 8 மணிக்குத் தள்ளினால் துறைக்கு ஒரு சதம் செலவில்லை. அதைக் கெடுவை வைத்தவர்களே யோசித்திருக்க வேண்டும்.

படங்கள். இப்போதைய கைபேசிப் படமொன்று 4000க்கு 3000 படப்புள்ளிகள் (பிக்சல்), 3 முதல் 5 மெகாபைட் வரை வரும். மூன்று படமென்றால் ஒரு பதிவுக்கு ஏறக்குறைய 12 மெகாபைட் மேலேற வேண்டும். பாதியில் சிக்னல் அறுந்தால் அந்தப் படம் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்கும். போன டேட்டா போனதுதான். அதே படத்தை 1200 படப்புள்ளி அகலத்துக்குச் சுருக்கி, ஜேபெக் தரத்தை 75 அளவில் வைத்தால் பெரும்பாலும் 250 கிலோபைட்டுக்குள் அடங்கும். திரையில் வித்தியாசம் தெரியாது. வேர்ட்பிரஸ் 2019இல் வந்த 5.3ஆம் பதிப்பிலிருந்து 2560 படப்புள்ளிக்கு மேற்பட்ட படங்களைத் தானே சுருக்கிக்கொள்கிறது என்று கணினிப் பிரிவினர் சொல்லலாம். உண்மை. ஆனால் அது படம் சேவையகத்துக்குப் போய்ச் சேர்ந்தபின் நடப்பது. மாணவரின் டேட்டா அதற்கு முன்பே கழிந்துவிடும். இன்னொன்று, வேர்ட்பிரஸ் ஓடும் நிரல்மொழியான பிஎச்பியின் இயல்பான பதிவேற்ற எல்லை 2 மெகாபைட். அதை யாரும் மாற்றாத சேவையகத்தில் சுருக்காத படம் ஏறவே ஏறாது. மாணவர் தன் போனில் பிழை என்று நினைத்து இன்னும் மூன்று தரம் முயல்வார். முதல் வகுப்பிலேயே சுருக்கக் கற்றுக்கொடுங்கள். மூன்று படக் கட்டாயத்தையும் எடுத்துவிடுங்கள். வாய்க்கால் கதவைப் பற்றிய பதிவுக்கு ஒரு நல்ல படம் போதும். மூன்று வேண்டுமென்றால் இரண்டு செல்ஃபியாகத்தான் வரும்.

இனிச் சொல்வது இந்தச் சுற்றறிக்கையில் எங்களை மிகவும் கலங்க வைத்த விடயம். முழுப்பெயரும் பதிவெண்ணும் முகப்பில். இது எந்த மண்ணில் நடக்கும் களப்பாடம்? மாணவர் போய்ப் பேசப்போவது பெண் தலைமை தாங்கும் குடும்பங்களோடு, காணிப் பத்திரம் இல்லாதவர்களோடு, கேப்பாப்பிலவு போலக் காணிக்காகப் போராடிய ஊர்களோடு, 2017 முதல் தெருவோரத்தில் அமர்ந்திருக்கும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளோடு. 1979இல் தற்காலிகம் என்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தைத் தெரியாத வீடு இங்கே இல்லை. 2024இல் இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. இருபத்தொரு வயது மாணவர் முதலாம் தரமாக எழுதிப் பழகும் பதிவொன்று, அவருடைய முழுப்பெயரோடும் பதிவெண்ணோடும், அவர் வேலை தேடும் காலம்வரை தேடுபொறியில் நிற்க வேண்டியதில்லை. பாடத்துக்கென்று ஒரு புனைபெயர் போதும். எந்தப் பெயர் யாருடையது என்ற பட்டியல் விரிவுரையாளரின் கோப்பில் இருந்தால் புள்ளி போடுவதில் ஒரு சிக்கலும் வராது. தன் பெயரிலேயே எழுத விரும்புகிறவர் எழுதட்டும். அது அவர் தெரிவாக இருக்க வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். வேர்ட்பிரஸில் திரையில் தெரியும் பெயரை மாற்றினாலும், அந்த எழுத்தாளரின் எல்லாப் பதிவுகளையும் காட்டும் பக்கத்தின் முகவரியில் உள்நுழையும் பயனர்பெயர்தான் இயல்பாக நிற்கும். பயனர்பெயராகப் பதிவெண்ணைக் கொடுத்துவிட்டால் புனைபெயர் வைத்தும் பயனில்லை. பயனர்பெயரைப் பின்னர் அமைப்புப் பக்கத்தில் மாற்றவும் முடியாது. ஆகவே கணக்குத் திறக்கும்போதே புனைபெயரையே பயனர்பெயராகக் கொடுக்க வேண்டும். தளத்தைப் பட்டியலிட வேண்டாமென்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் தெரிவையும் இடுங்கள். ஆனால் அது தேடுபொறிகளிடம் வைக்கும் வேண்டுகோள்தான், பூட்டு அல்ல என்பதை மாணவருக்குச் சொல்லுங்கள்.

படத்துக்குள்ளும் ஆபத்து இருக்கிறது. இடத்தகவல் திறந்திருக்கும் போனில் எடுத்த படத்தில் அந்த வீட்டின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் எழுதப்பட்டிருக்கும். முகத்தை மறைத்துவிட்டு வாசல் எங்கே இருக்கிறது என்று கோப்புக்குள் எழுதி அனுப்புவதால் என்ன மறைவு? கமெராவின் அமைப்பில் இடக்குறிப்பை நிறுத்திவிட்டுக் களத்துக்குப் போக வேண்டும். எடுத்து முடிந்துவிட்டதென்றால் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக ஒருவருக்கு அனுப்பித் திரும்ப இறக்கினால் அந்தத் தகவல் கழன்றுவிடும், அளவும் குறையும். டாக்குமென்டாக அனுப்பினால் கழலாது. பேசியவரிடம் படத்துக்கும் பேச்சுக்கும் தனித்தனியாகத் தமிழில் எழுதிய சம்மதம் வாங்கும் அரைப்பக்கப் படிவம் ஒன்றும் வேண்டும். 2022இன் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின்னும் சுற்றறிக்கையில் சம்மதம் என்ற சொல்லையே காணோம்.

மொழி பற்றி. ஆங்கிலத்தில் எழுதப் பழகுவது மாணவருக்கு நல்லதுதான். அதற்கு வேறு பாடங்கள் இருக்கின்றன. விசுவமடுவில் நிலக்கடலை செய்கிறவர் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதி வைத்தால், தான் சொன்னது சரியாக வந்திருக்கிறதா என்று அவர் எப்படிப் பார்ப்பார்? தமிழையும் அனுமதியுங்கள். அனுமதித்தால் வரும் தொழில்நுட்பச் சிக்கல்கள் எங்களுக்குத் தெரிந்தவை, தீர்வும் உண்டு. அச்சகத்தில் அல்லது வீட்டில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்தவர் அதை ஒட்டினால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். யுனிகோடுக்கு மாற்றியபின் ஒட்ட வேண்டும், மாற்றியதை ஒருதரம் கண்ணால் வாசிக்கவும் வேண்டும். வேர்டிலிருந்து நேரே ஒட்டினால் எழுத்துரு, அளவு, நிறம் எல்லாம் கூடவே வந்து ஒவ்வொரு பந்தியும் ஒவ்வொரு அளவில் நிற்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தி வெறும் எழுத்தாக ஒட்டினால் அவை வராது.

பதிவின் முகவரி இன்னொரு தொல்லை. தமிழ்த் தலைப்பிட்டால் பிளாகர் தமிழ் எழுத்துகளை விட்டுவிட்டு வெறும் பொதுப்பெயரும் எண்ணுமாக முகவரி வைக்கும். வேர்ட்பிரஸில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் முகவரியில் 9 இடம் பிடிக்கும். எல்லை 200 இடம் என்பதால் ஏறக்குறைய 22 குறியோடு தலைப்பு அறுந்துபோகும். அதை வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் சதவீதக் குறிகளின் நீண்ட வாலொன்று வரும். வெளியிடுமுன் ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல்லாக முகவரியைக் கையால் கொடுப்பதுதான் வழி. பிளாகரில் வெளியிட்டபின் மாற்ற வேண்டுமானால் பதிவைத் திரும்ப வரைவாக்க வேண்டும். ஏற்கெனவே பகிர்ந்த இணைப்பு செத்துவிடும்.

எதில் அமைப்பது என்பதற்கு எங்கள் பதில்: பல்கலைக்கழகச் சேவையகத்தில், பல்கலைக்கழக முகவரியில், ஒரே ஒரு வேர்ட்பிரஸ் தளம். அதற்கு உரிமக் கட்டணம் இல்லை. 2020 முடக்கக் காலத்தில், இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியாகப் பல்கலைக்கழகக் கற்றல் தளங்களுக்கு மாணவரின் டேட்டா கழியாமல் போக வழி செய்தார்கள். அப்படியொரு ஏற்பாடு மறுபடி வந்தால் பயன்பெறப்போவது பல்கலைக்கழக முகவரியில் இருக்கும் தளம்தான். வேர்ட்பிரஸ் ஒவ்வொரு பதிவின் பழைய வடிவங்களையும் வைத்திருக்கும் என்பதால் மாணவர் எப்படித் திருத்தினார் என்பதையும் பார்த்துப் புள்ளி போடலாம். சேவையகத்தைப் பார்க்க ஆளே இல்லையென்றால் பிளாகரில் துறையின் பெயரில் ஒரு பதிவு. ஒரு பதிவில் 100 உறுப்பினர்வரை சேர்க்கலாம், ஒரு வகுப்புக்குப் போதும். அங்கே ஒரு குறை: எழுதுகிறவர் நேரடியாக வெளியிட்டுவிடுவார், பார்வைக்கு அனுப்பும் நிலை கிடையாது. அழைப்பு மின்னஞ்சலைத் திறக்கும்போது போனில் வேறு கூகுள் கணக்கு உள்நுழைந்திருந்தால் அந்தக் கணக்குத்தான் உறுப்பினராகும். தம்பியின் கணக்கில் அக்காவின் ஒப்படை வருவது இப்படித்தான்.

வேர்ட்பிரஸில் மாணவருக்குப் பங்களிப்பாளர் நிலை கொடுங்கள்: எழுதலாம், விரிவுரையாளர் பார்த்தபின்தான் வெளிவரும். அந்த நிலையில் படம் ஏற்ற அனுமதி இல்லை என்பது பலருக்குத் தெரியாது. முதல் வாரமே வகுப்பு முழுக்க முறைப்பாடு வரும். நிலைகளை மாற்றும் செருகுநிரல் ஒன்றால் பங்களிப்பாளருக்குக் கோப்பேற்றும் அனுமதியை மட்டும் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. விரிவுரையாளருக்கு ஆசிரியர் குழு (எடிட்டர்) நிலை போதும். நிர்வாகிகள் கட்டாயம் இருவர், ஒருவர் கணினிப் பிரிவிலிருந்து. ஒருவர் கையில் மட்டும் இருந்தால், அவர் மேற்படிப்புக்கு வெளிநாடு போகும்போது கடவுச்சொல்லும் விமானம் ஏறிவிடுகிறது. வகைகளை விரிவுரையாளரே முன்கூட்டி ஆக்கிவைக்க வேண்டும். மாணவர் கையில் விட்டால் விவசாயம், வேளாண்மை, கமம் என்று ஒரே பொருளுக்கு மூன்று தட்டு உருவாகும். டெம்பிளேட் எதுவானாலும் சரி, அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். தளத்திலிருந்து போகும் மின்னஞ்சலைப் பல்கலைக்கழக அஞ்சல் சேவையகத்தோடு இணைக்காவிட்டால், கடவுச்சொல் மாற்றும் கடிதங்கள் குப்பை அஞ்சலில் விழும் அல்லது வரவே வராது. பிறகு மாணவர் காரியாலய வாசலில் நிற்பார்.

கணினிக்கூடத்தில் முதல் வாரம் இரண்டு மணித்தியாலம், இருபது பேர் கொண்ட பிரிவுகளாக. அதற்குள் ஒவ்வொருவரும் தன் கைபேசியிலிருந்தே உள்நுழைந்து, 100 சொல்லில் ஒரு சோதனைப் பதிவு எழுதி, சுருக்கிய படம் ஒன்று ஏற்றி, வகையைத் தெரிவுசெய்து, பார்வைக்கு அனுப்பிவிட்டுத்தான் எழும்ப வேண்டும். கணினியில் செய்து காட்டிவிட்டு விட்டால் பயனில்லை, பெரும்பாலானோர் பருவம் முழுக்கப் போனில்தான் எழுதுவார்கள். போனின் குறிப்பேட்டில் முழுதாக எழுதி முடித்து, சிக்னல் உள்ள இடத்தில் ஒட்டும் பழக்கத்தையும் அங்கேயே சொல்லுங்கள். வேர்ட்பிரஸ் எழுதுவதை நிமிடத்துக்கொரு தரம் சேவையகத்தில் சேமிக்க முயலும். இணைப்பு இல்லாதபோது அது நடக்காது, கரண்ட் போய் ரவுட்டர் நின்றால் எழுதியதில் ஒரு பங்கு போகலாம்.

பின்னூட்டப் புள்ளியைப் பற்றி ஒன்று. வாரம் மூன்று பின்னூட்டம் கட்டாயம் என்றால் 'அருமை, தொடருங்கள்' என்பதுதான் மூன்று தரம் வரும். அரையாண்டு முழுவதற்கும் நான்கு போதும், ஒவ்வொன்றும் ஒரு கேள்வியையோ திருத்தத்தையோ கொண்டிருக்கட்டும். வெளியாள் பின்னூட்டங்கள் அனுமதிக்குப் பின்னரே தெரிய வேண்டும். இல்லாவிட்டால் சூதாட்ட விளம்பரங்கள் முந்திக்கொள்ளும்.

கடைசியாக, முடிந்தபின் என்ன ஆகும்? முந்திய அணிகள் காரியாலயத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன முகவரிகளைத் திறந்து பாருங்கள். பல திறக்காது. இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிப்பட்ட கணக்குகளை அழிக்கும் விதியைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. புள்ளிக்காகத் தொடங்கிய கணக்கைப் பாடம் முடிந்தபின் யார் திறப்பார்? குளக்கட்டு, நெல்லினம், மீன்பாடு, மீள்குடியேற்றம் என்று மாணவர் நடந்து திரிந்து எழுதியது அதோடு போகிறது. வேர்ட்பிரஸின் ஏற்றுமதிக் கோப்பில் எழுத்து மட்டுமே வரும், படங்கள் வராது. பதிவேற்றக் கோப்புறையைத் தனியாகப் பிரதி எடுக்க வேண்டும். இதை மாணவர் செய்ய முடியாது. 2003இன் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி எழுதியவருக்குத்தான் எழுத்தின் உரிமை. ஆகவே வைத்திருக்கவும் வெளியிடவும் அவரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள், எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுங்கள்.

ஆகையால் நாங்கள் கேட்பவை இவை. இப்போதைய சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். துறையின் பெயரில் ஒரே தளத்தை, பருவம் தொடங்க இரண்டு வாரத்துக்கு முன்பாகவே அமைத்து, மேலே சொன்ன நேர வலயம், நிலைகள், வகைகள், அஞ்சல் இணைப்பு ஆகியவற்றைச் சரிபார்த்து, மாதிரிப் பதிவு ஒன்றோடு திறந்து வையுங்கள். முழுப்பெயர், பதிவெண் கட்டாயத்தை உடனே நீக்குங்கள். ஏற்கெனவே அப்படி வெளிவந்தவற்றை மாற்ற மாணவருக்கு உதவுங்கள். கெடுவைத் திங்கள் காலை 8 மணியாக்குங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதும் தெரிவைக் கொடுங்கள். படக் கட்டாயத்தை எடுத்துவிட்டு, சம்மதப் படிவத்தைக் கட்டாயமாக்குங்கள். பழுதானால் யாரிடம் போவது என்று ஒருவரின் பதவியையும் அவர் இருக்கும் நேரத்தையும் அறிவித்தல் பலகையில் போடுங்கள். ஒவ்வொரு பருவ முடிவிலும் முழுப் பிரதி ஒன்றை நூலகத்துக்கும், அவரவர் எழுத்தை அவரவருக்கும் கொடுங்கள்.

முதல் தளத்தை அமைக்கவும் முதல் வார வகுப்புகளில் நிற்கவும் சம்பளமின்றி வரத் தயாராக இருக்கிறோம். அடுத்த பீடச் சபைக் கூட்டத்தில் இந்த மடலை எடுத்து, முடிவை எழுத்தில் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
பாட வலைப்பதிவுகளை அமைத்தும் பழுது பார்த்தும் வருவோர்,
கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்